குடும்ப வரலாற்றைத் தேடுவோம்: பழைய பதிவேடுகள் காட்டும் வழி

"உன் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார்?" என்று தோட்டத்துப் பிள்ளை ஒருவனைக் கேட்டால், பெரும்பாலும் "இந்தியாவிலிருந்து" என்ற ஒரே சொல்தான் விடையாகக் கிடைக்கும். எந்த மாவட்டம், எந்தச் சிற்றூர், எந்த ஆண்டு, எந்தக் கப்பல் என்று தொடர்ந்து கேட்டால் மௌனமே மிஞ்சும்.

நம் முன்னோரில் மிகப் பலர் எழுதப் படிக்க வாய்ப்பின்றி வாழ்ந்தவர்கள். ஆகையால் அவர்கள் தங்களைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்களைப் பற்றிப் பிறர் எழுதினார்கள். கிராணியார் செக்ரோலில் எழுதினார். பள்ளி ஆசிரியர் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினார். பதிவதிகாரி பிறப்புப் பத்திரத்தில் எழுதினார். அந்த வரிகளுள் பல இன்றும் அழியாமல் இருக்கின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் முறையையே இப்பாடத்தில் காணப் போகிறோம்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. குலப்பெருமை பேசுவதற்கான முயற்சியும் அன்று. ஒருவர் இந்நாட்டில் பிறந்தார் என்பதை மெய்ப்பிக்கும் ஒரு வரி, அவருடைய குடியுரிமைக்கே அடிப்படையாக அமையலாம்.

எடுத்துக்காட்டாக, பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். அக்குடும்பத்து மகன் 1960ஆம் ஆண்டில் லயத்து வீட்டில், மருத்துவச்சியின் கையில் பிறந்தான். பிறப்பு பதிவு செய்யப்படவில்லை. பின்னர் எப்படியோ சிவப்பு அடையாளக் கார்டு ஒன்று கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டிய அவர், ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. "நீ இங்கேதான் பிறந்தாய்" என்று சொல்ல அவருடைய தாயார் இருந்தார். ஆனால் அதைக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. இக்குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டே பாடத்தைத் தொடர்வோம்.

வீட்டிலிருந்தே தொடங்குக

தேடல் அரசாங்க அலுவலகத்தில் தொடங்குவதில்லை. வீட்டிலுள்ள தகரப் பெட்டியில் தொடங்குகிறது. பழைய அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், பள்ளி விடுகைச் சான்றிதழ், ஊழியர் சேமநிதிக் கணக்குத் தாள், தொழிற்சங்க உறுப்பினர் அட்டை, கடப்பிதழ், திருமண அழைப்பிதழ், சாதகக் குறிப்பு ஆகிய எதுவாயினும் வெளியே எடுத்து வையுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் இரசீதுகளையும், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் உறைகளையும் வீண்தாள் என்று எறிந்துவிடக் கூடாது. ஊரின் பெயரும் அஞ்சலகத்தின் பெயரும் அஞ்சல் முத்திரையின் தேதியும் அவற்றில்தான் இருக்கும். பல குடும்பங்களுக்கு ஊரைக் காட்டும் ஒரே எழுத்துச் சான்று அதுவாகவே இருக்கிறது.

அடுத்து, குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேளுங்கள். "எந்த ஆண்டு வந்தீர்கள்?" என்று கேட்டால், "யாருக்குத் தெரியும்?" என்றே சொல்வார்கள். கேட்கும் முறையை மாற்ற வேண்டும். "ஜப்பான்காரன் வந்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? நேதாஜி வந்தபோது அண்ணன் பிறந்திருந்தாரா? சுதந்திரம் கிடைத்த அன்று நீங்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்?" என்று கேட்டால் நினைவு தானாகவே திறக்கும்.

இந்நிகழ்ச்சிகளுக்கு ஆண்டு உண்டு. பெரியார் முதன்முறை மலாயாவுக்கு வந்தது 1929ஆம் ஆண்டின் இறுதியில். ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8ஆம் நாள். நேதாஜி சிங்கப்பூரை அடைந்தது 1943 சூலையில். அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. சுதந்திரம் 1957 ஆகஸ்டு 31. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூத்தோரிடம் உட்கார்ந்தால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தமிழ் ஆண்டைக் கணிக்கும் முறை

"நான் தாது வருடம் தை மாதம் பிறந்தேன்" என்று மூதாட்டி ஒருவர் சொன்னால், அதைப் பழங்கதை என்று தள்ளிவிடக் கூடாது. அது சரியான தேதிக் குறிப்பு. தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் அறுபது; அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அவை திரும்பி வரும். முதலாவதாகிய பிரபவ 1927ஆம் ஆண்டு சித்திரையிலும், மீண்டும் 1987ஆம் ஆண்டு சித்திரையிலும் தொடங்கியது. அந்த வரிசையில் தாது பத்தாவது. ஆகவே, 1936 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1937 ஏப்ரல் நடுவில் முடிந்த ஆண்டே தாது. அதற்கு முந்திய தாது 1876இல் தொடங்கியது. தமிழ்நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அந்த ஆண்டில் வந்ததே. ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942–43 சித்திரபானு, அடுத்தது சுபானு.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தை, மாசி, பங்குனி ஆகிய மாதங்கள் ஆங்கில ஆண்டு பிறந்த பின்னரே வருகின்றன. ஆகையால் தாது ஆண்டுத் தை மாதம் என்பது 1937 சனவரி–பிப்ரவரியே ஆகும், 1936 அன்று. இதை மறந்தால் ஓராண்டு பிழை நேர்ந்து, பதிவேட்டில் தவறான ஏட்டைப் புரட்டிக் கொண்டிருப்போம்.

தோட்டத்துப் பதிவேடுகள்

நாள்தோறும் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் என்று குறித்த ஏடே செக்ரோல். அது சம்பளம் போடுவதற்காக எழுதப்பட்டதே தவிர, வரலாற்றுக்காக எழுதப்பட்டதன்று. எனினும் ஒரு தொழிலாளி எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேறில்லை.

நாம் எண்ணிக்கொண்ட குடும்பத்துக்கு மீண்டும் வருவோம். 1960ஆம் ஆண்டுச் செக்ரோல் கிடைக்குமானால் அதில் மகனின் பெயர் இராது. ஆனால் தாயின் பெயர் இருக்கும். சில வாரங்கள் அவர் வேலைக்கு வரவில்லை என்றும், பேறுகால உதவித் தொகை அவருக்கு வழங்கப்பட்டது என்றும் குறிப்பு இருக்கக்கூடும். பதிவு செய்யப்படாத பிறப்புக்கு அந்தத் தொகை ஒரு சாட்சி. பழைய ஏடுகளை இவ்வாறே படிக்கப் பழக வேண்டும்: நாம் தேடுகிறவருடைய பெயர் இல்லாத இடத்திலும் அவரைப் பற்றிய செய்தி இருக்கும்.

தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் எழுதி வைத்த நோயாளர் ஏடும், குழந்தைகளுக்கு அம்மை குத்திய குறிப்பும் இத்தகையவையே.

தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு இன்னும் மதிப்பு வாய்ந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் பின்னர்த் தோட்டந்தோறும் பள்ளிகள் தோன்றின. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை அந்த ஏட்டில் வரிசையாக எழுதப்பட்டன. தோட்டம் மூடப்பட்டுப் பள்ளி வேறிடத்துக்கு மாறியிருந்தாலும், பதிவேடு பள்ளியோடு சென்றிருக்கலாம். ஆகவே, பழைய பள்ளி இப்போது எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

கிறித்தவக் குடும்பங்கள் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் பார்க்கலாம். இந்துக் குடும்பங்களுக்குக் கோயில் கணக்கு ஏடுகளும் திருவிழா உபயக்காரர் பட்டியலும் உதவும். 1951இல் ஊழியர் சேமநிதியும், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோன்றின. அவற்றின் தாள்களில் தொழிலாளியின் பெயரோடு தோட்டத்தின் பெயரும் இருப்பதால், ஒருவர் தோட்டம் மாறி மாறிச் சென்ற பாதையை அவை காட்டும்.

ஓர் எச்சரிக்கை. இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை நடப்பட்டது. பின்னர்ப் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதே பல அலுவலகங்கள் மறைந்தன. தோட்டம் கைமாறும் நாளில் பழைய ஏடுகள் குப்பைக் குழிக்குப் போவதே வழக்கம். உங்கள் தோட்டத்து அலுவலகம் மூடப்படவிருக்கிறது என்று கேள்விப்பட்டால், குடும்பத்தாருடைய வரிகளுக்கு நகல் வேண்டுமென்று நிர்வாகத்திடம் எழுத்து மூலமாக, உரிய காலத்தில் கேட்டு வாங்குங்கள்.

அரசாங்கப் பதிவேடுகள்

பிறப்பு, இறப்பு, திருமணம், அடையாளக் கார்டு, குடியுரிமை ஆகிய ஐந்தும் தேசியப் பதிவிலாகாவின் பொறுப்பில் உள்ளவை. மூலப் பத்திரம் தொலைந்து போனாலும், பதிவு இருக்குமானால் அதன் படியை விண்ணப்பித்துப் பெறலாம்.

பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கக் கூடாது. தாய் தந்தையர் பெயர், அவர்களது அடையாளக் கார்டு எண், பிறந்த இடம், பிறப்பைத் தெரிவித்தவர் பெயர் ஆகிய ஒவ்வொன்றும் அடுத்த பதிவேட்டுக்கு வழிகாட்டும். ஒருவருடைய பத்திரம் கிடைக்காவிட்டால் அவருடைய அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆகியோரின் பத்திரங்களைத் தேடுங்கள். உடன்பிறந்தவர் இருவர் 1958இலும் 1962இலும் அதே தோட்டத்தில் பிறந்ததாகப் பதிவு இருக்குமானால், 1960இல் குடும்பம் அங்கேயே இருந்தது என்பதற்கு அது வலுவூட்டும்.

இறப்புப் பத்திரம் பலரால் மறக்கப்படுவது. தாத்தா பிறந்ததற்குப் பத்திரம் இல்லாமல் இருக்கலாம், இறந்ததற்கு இருக்கும். வயதும் கடைசி முகவரியும் அதில் காணப்படும். ஆனால் அந்த வயது, துக்க வீட்டில் யாரோ ஒருவர் சொன்ன வயது என்பதை மறவாதீர்கள்.

திருமணத்தைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலிலும் வீட்டிலும் தாலி கட்டி நடந்த திருமணங்களுள் பெரும்பாலானவை பதிவு பெறவில்லை; ஆயினும் வழக்கப்படி முறையாக நடந்த அத்திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, பாட்டனார் பாட்டியாரின் திருமணச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று கலங்க வேண்டியதில்லை. 1982 மார்ச்சுக்குப் பின் நடந்த திருமணத்தின் நிலை வேறு. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தி, பதிவு செய்யாமல் விட்டால், அத்தம்பதியரின் பிள்ளைகள் குடியுரிமைக்குத் தந்தையைச் சார முடியாமல் தாயை மட்டுமே சார நேரும். தாயிடம் குடியுரிமை இல்லையெனில் பிள்ளைகளும் அல்லற்படுவர். ஒருநாள் சோம்பலின் விலையை ஒரு தலைமுறையே செலுத்த வேண்டியதாகிறது.

அடையாளக் கார்டு 1948இல், அவசரகாலத்தின்போது அறிமுகமாயிற்று. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் படம் எடுத்து, பெருவிரல் ரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. பல மூதாட்டியருக்கு அவர்கள் பெயர் அரசாங்க ஏட்டில் ஏறிய முதல் நாள் அதுவே. வயது தெரியாதவர்களுக்கு முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஓர் ஆண்டு எழுதப்பட்டது. எனவே, அக்கார்டில் உள்ள பிறந்த ஆண்டும் மூத்தோர் சொல்லும் தமிழ் ஆண்டும் ஒத்துப் போகவில்லையென்றால், இரண்டையும் எழுதி வையுங்கள், ஒன்றை அழித்துவிடாதீர்கள். 1990க்குப் பின் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில், முதல் ஆறு பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தையும் குறிக்கும். அந்த இடத்தில் 08 இருந்தால் பேராக். 10 இருந்தால் சிலாங்கூர். 05 இருந்தால் நெகிரி செம்பிலான்.

குடியுரிமையில் மூன்று காலப்பகுதிகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். சுதந்திரத்திற்கு முன் இங்கே பிறந்தவர்களுள் பலர் விண்ணப்பம் செய்து குடியுரிமைச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. சுதந்திரத்தை அடுத்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கும் இருந்தது. அந்த ஓராண்டு வாய்ப்பைச் செய்தி எட்டாமலும் அறியாமையாலும் தவறவிட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். அவர்களுள் பலர் 1969இல் வேலைப் பெர்மிட்டு முறை வந்தபோது அதன் விளைவை உணர்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் திரும்பினார்கள். இரண்டாவது காலப்பகுதி 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய உள்ளது. அந்நாள்களில் கூட்டரசு மண்ணில் பிறந்தவர்கள், தாய் தந்தையர் யாராக இருந்தாலும், வெளிநாட்டுத் தூதர் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, சட்டப்படியே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, அவர்கள் பிறந்தபோது பெற்றோர் எந்நிலையில் இருந்தார்கள் என்பதும் பார்க்கப்படுகிறது.

இப்போது நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் நிலை விளங்கும். மகன் பிறந்த ஆண்டு 1960. அவருடைய தாயார் சிவப்புக் கார்டு வைத்திருந்தாலும், மகனுக்கு அது தடையன்று. அவர் மெய்ப்பிக்க வேண்டியது ஒன்றே: 1960இல், இந்த மண்ணில் பிறந்தார் என்பது. செக்ரோலில் தாயின் பேறுகால உதவித் தொகை, உடன்பிறந்தவர்களின் பத்திரங்கள், 1967இல் எழுதப்பட்ட பள்ளிச் சேர்க்கை வரி, உடனிருந்த அண்டை வீட்டாரின் சத்தியப் பிரமாணம் ஆகிய நான்கும் சேரும்போது, தாயார் வாய்மொழியாகச் சொன்னதற்கு எழுத்துச் சாட்சி பிறக்கிறது. தாமதமாகப் பிறப்பைப் பதிவு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. சான்றுகளை எடைபோட்டு முடிவு செய்வது பதிவிலாகா. அவற்றைத் திரட்டி ஒழுங்காக முன்வைப்பது நம் கடமை.

ஒரே பெயர், பல எழுத்து

நம் முன்னோரின் பெயரைத் தமிழறியாத அதிகாரி காதால் கேட்டு, உரோமன் எழுத்தில் தமக்குத் தோன்றியபடி எழுதினார். அதனால் முனியாண்டி என்ற ஒரே பெயர், ஒரு பத்திரத்தில் மூனியாண்டியாகவும், மற்றொன்றில் மொன்யாண்டியாகவும் நிற்கும். 'வ' என்னும் எழுத்துக்கு இருவகை உரோமன் எழுத்து உண்டு. 'ச' என்பதற்கு மூவகை. 'ழ' என்பதை எப்படி எழுதுவது என்று இன்றுவரை முடிவில்லை. ஆகவே, ஒரு பெயரைத் தேடுமுன் அது எத்தனை வகையில் எழுதப்பட்டிருக்கக் கூடும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப்பொண்ணு, பெரியதம்பி போன்ற வீட்டுப் பெயரே பதிவேட்டில் ஏறியிருப்பதும் உண்டு.

இடப் பெயரும் அப்படியே. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. தோட்டத்துக்கோ நிறுவனம் இட்ட ஆங்கிலப் பெயர் ஒன்று. தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. பாட்டியார் சொல்லும் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லையென்றால், அது பொய்ப் பெயர் என்று எண்ண வேண்டாம். அந்தத் தோட்டத்து ஆட்கள் வழங்கிய பெயராக அது இருக்கும். வட்டாரத்து முதியவர் யாரேனும் அதற்குரிய பத்திரப் பெயரைச் சொல்லக்கூடும்.

கடலுக்கு அப்பால்

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் தடை செய்யப்பட்டது. அதன் பின்னர்க் கங்காணி முறையே மேலோங்கியது. 1907இல் தோன்றிய இந்தியர் குடியேற்ற நிதி, ஆட்களின் கப்பல் செலவை ஏற்றது. அவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ முகாமில் தங்கி, கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினர். 1938 சூன் மாதம் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்துக்குத் தடை விதித்தது. ஆகவே, உங்கள் பாட்டனார் கங்காணி அழைத்து வந்த ஆள் என்றால், அவர் 1938க்கு முன் வந்தவர் என்று கொள்ளலாம். 'ரஜூலா' கப்பலில் வந்தார் என்றால் 1926க்கும் 1973க்கும் இடைப்பட்ட காலம். 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், புதிதாக வருவது மிகவும் அரிதாயிற்று.

பிஜிக்கும் மொரிசியசுக்கும் ஒப்பந்தத்தில் சென்றவர்களுக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டும் பதிவும் காக்கப்பட்டுள்ளன. மலாயாவுக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அவ்வளவு முழுமையாகக் காக்கப்படவில்லை. ஆனால் கங்காணி முறை நமக்கு வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கங்காணி தம் சொந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலுமே ஆள் சேர்த்தார். ஆகவே, ஒரே கங்காணியின் கீழ் வந்தவர்கள், ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள், பெரும்பாலும் ஒரே ஊரைச் சுற்றியவர்கள். உங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாவிட்டால், பக்கத்து வீட்டாரின் ஊரைக் கேளுங்கள். குலதெய்வத்தின் பெயரையும் கேளுங்கள். ஊரை மறந்த குடும்பங்கள்கூடக் குலதெய்வத்தை மறப்பதில்லை. அந்தத் தெய்வத்தின் கோயில் எங்கே இருக்கிறதோ, அங்கேயே வேர் இருக்கும்.

ஊரின் பெயர் கிடைத்ததும் மாவட்டத்தை இக்காலப் பெயருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று எழுதப்பட்ட ஊர் 1974க்குப் பின் புதுக்கோட்டையில் இருக்கலாம். வட ஆற்காடு 1989இல் பிரிக்கப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. முன்னாளில் கர்ணமும் மணியக்காரரும் காத்த ஊர்க் கணக்கு, பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்ட பின், கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பில் வந்தது. குடும்பத்துக்கு நிலத்தில் பங்கு இருந்திருந்தால், பட்டாவிலோ சார்பதிவாளர் அலுவலகப் பத்திரத்திலோ பாட்டனாரின் பெயர் தென்படலாம். பழைய அரசாங்க ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

காப்பகமும் செய்தித்தாளும்

நம் நாட்டில் 1957 டிசம்பர் 1ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டு, 'ஆர்க்கிப் நெகாரா' என வழங்கப்படும் தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில் இருக்கிறது. சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் போன்ற பழைய அரசாங்கக் கோப்புகளும் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளும் அங்குள்ளன. அவற்றுள் தொழிலாளியின் பெயர் அரிதாகவே வரும். ஆனால் அவர் வாழ்ந்த வாழ்க்கை வரும். 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுக்கப்பட்டது அத்தகைய செய்திகளுள் ஒன்று. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அப்படியே. "தாத்தா ஒருமுறை ஊருக்குப் போய், பிறகு மறுபடி வந்தார்" என்று வீட்டில் ஒரு கதை இருந்தால், அதன் காரணம் அங்கே விளங்கலாம். பழைய கோப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால், படிக்கும் பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் அது ஒரு பாடமாகும்.

தமிழ் நாளேடுகளும் பதிவேடுகளே. 'தமிழ் நேசன்' 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்தது. 'தமிழ் முரசு' 1935இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் காணலாம். மரண அறிவிப்பிலும் நினைவஞ்சலியிலும் இறந்தவரின் பூர்வீக ஊரும், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்களும் வரிசையாக இருக்கும்.

பதிவேடு பேசாத இடம்

எவ்வளவு தேடினாலும் ஓரிடத்தில் ஏடு மௌனமாகிவிடும். 1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட, ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டு போனார்கள். போனவர்களுள் பலர் திரும்பவில்லை. போர்க் கைதிகளாக இறந்த போர்வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அங்கே இருக்கின்றன. நம் ஆட்களுக்கு இறப்புப் பத்திரமும் இல்லை, பெயர் பொறித்த கல்லறையும் இல்லை. "சயாமுக்குப் போனவர் வரவில்லை" என்று வீட்டில் சொல்லப்படும் ஒரு வரியே அவருக்குரிய ஒரே பதிவு. அந்த வரியை எழுதி வையுங்கள். அவர் பெயர், தோட்டத்தின் பெயர், உடன் போனவர்கள் யார், சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பனவற்றையும் குறியுங்கள். அதைச் செய்யக் கூடியவர்கள் உங்கள் குடும்பத்தாரைத் தவிர வேறு யாரும் இல்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. நம்மிலிருந்து தொடங்கிப் பெற்றோர், பாட்டனார் என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்க. இடையில் தாவினால் வேறொரு முனியாண்டியின் குடும்பத்துக்குப் போய்ச் சேர்வோம்.

2. ஒரு சான்றை மட்டும் நம்பாதீர்கள். வேறு வேறு கைகள் எழுதிய இரண்டு சான்றுகள் ஒத்துப் போனால் உறுதி கொள்க.

3. எந்தச் செய்தி எங்கே கிடைத்தது, எப்போது பார்த்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் உடனே எழுதுக.

4. மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலைக் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெறுங்கள். காரியத்தை முடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகரை நாடாமல், அலுவலகத்துக்கு நேரே செல்லுங்கள்.

5. படங்களின் பின்புறத்தில் இன்னார் என்று பென்சிலால் எழுதுக. பெயரற்ற படம் இரண்டு தலைமுறையில் அந்நியரின் படமாகிவிடும்.

6. மூத்தோரிடம் கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள். ஏடு காத்திருக்கலாம், அவர்கள் காத்திருக்க இயலாது.

இதுகாறும் நம்மைப் பற்றிப் பிறரே எழுதி வந்தார்கள். கூலியைக் கணக்கிடவும் ஆட்களை எண்ணவும் எழுதினார்கள். இனி நம் குடும்பத்தைப் பற்றி நாமே எழுதலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, பாட்டியாரை அருகில் உட்கார வைத்து, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருடைய பெயரையும் அவர் சொல்லும் ஊரையும் எழுதுங்கள்.